ஐஸ்பெட்டிக் கதவில் இரண்டு தாள்கள்

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஐந்து மாத காலம் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. ஒன்று குடல் மருத்துவர் கொடுத்தது. மற்றொன்று உடல் இளைப்பதற்காக நான் சேர்ந்திருந்த வாட்சப் குழுவின் ‘கோச்’ அனுப்பியது. ‘வயிற்றைக் காலியாகப் போடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிடுங்கள்’ என்றது முதல் தாள். ‘பகல் 12 மணி வரை ஒன்றும் சாப்பிடக் கூடாது; கறுப்புக் காப்பியும் எலுமிச்சைச் சாறும் மட்டும்’ என்றது இரண்டாவது. காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் இரண்டும் என்னை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

இரண்டு தாளும் ஒத்துப்போன ஒரே இடம், ‘எண்ணெயில் பொரித்ததைத் தொடாதீர்கள்’ என்பது. அந்த ஒன்றை மட்டும்தான் நான் கடைப்பிடிக்கவில்லை. வேலை பிரிக்பீல்ட்ஸில். அலுவலகத்துக்கு நடக்கும் வழியில் வடைச் சட்டி கொதிக்கும் வாசம் இல்லாத நாள் இல்லை. அதற்கு மேல் என்னிடம் விளக்கம் கிடையாது.

எனக்கு 47 வயது. உயரம் 157 சென்டிமீட்டர். அப்போது எடை 84 கிலோ. இந்த நாட்டில் இது அதிசயம் இல்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்று சொன்னது. அழகுக்காக இளைக்க வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை. என்னைப் பயமுறுத்தியது வேறு. எச்பிஏ1சி என்கிறார்களே, மூன்று மாதச் சர்க்கரை அளவு, அது 6.1 என்று வந்தது. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் 6.3ஐத் தொட்டால் சர்க்கரை நோய். தொடுவதற்கு இரண்டு புள்ளிதான் மிச்சம்.

என் அம்மா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். 2011இல் சர்க்கரையால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் நாடகம் பார்ப்பதை நான் தினமும் பார்க்கிறேன். அந்த 6.1ஐ நான் எப்படிப் படித்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் கோச் அக்கா சொன்னதை வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு குவளை தண்ணீரில் ஆப்பிள் காடி. பிறகு கறுப்புக் காப்பி. மதியம் பச்சைக் காய்கறிக் கிண்ணம். மாலையில் அவர்கள் விற்கும் மாவைக் கலக்கிக் குடிக்க வேண்டும். (அந்த மாவின் விலையை வீட்டுக்காரரிடம் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.) கம்யூட்டரில் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை ஒரு மணி நேரப் பயணம். நெஞ்சு எரிந்துகொண்டே வரும். ‘கொழுப்பு கரையுது, அதான் எரியுது’ என்றார் கோச் அக்கா. நம்பினேன். மூன்று மாதத்தில் 79 ஆனேன். இனாய் வளைகாப்புக்கு உடுத்திய சேலைக்கு ரவிக்கை தொளதொளத்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இதற்கிடையில் முட்டி வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை வெறும் வயிற்றிலேயே விழுங்கிக்கொண்டிருந்தேன். அதை யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவும் இல்லை.

ஏப்ரலில் ஒரு வாரம் மலம் கறுப்பாகப் போனது. தார் மாதிரி, பிசுபிசுவென்று. கறுப்புக் காப்பி குடிப்பதால் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். எட்டாவது நாள் சென்ட்ரல் படிக்கட்டில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரப் பெண்தான் தண்ணீர் கொடுத்து டாக்சி பிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரத்த அளவு 8.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு. கறுப்பு மலம் என்பது மேல் வயிற்றில் கசிந்த இரத்தம் செரித்து இறங்குவது. அப்படிக் கண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

குழாய் வழியாகவே வயிற்றுச் சதையில் துளி எடுத்து ஒரு சின்ன மஞ்சள் ஜெல்லில் வைத்தார்கள். அது சிவந்தது. ‘எச். பைலோரி’ என்ற கிருமி இருக்கிறது என்று அர்த்தமாம்.

இந்தக் கிருமியின் கதையை நம்மவர்கள் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. காரம் தின்றால் அல்சர் வரும், கவலைப்பட்டால் அல்சர் வரும் என்றுதான் நம் வீடுகளில் இன்றைக்கும் பேச்சு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், வயிற்றுப் புண் பலருக்கு ஒரு கிருமியால் வருகிறது என்று 1980களின் தொடக்கத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்றழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோ கியான் லீ போன்றவர்கள் செய்த ஆய்வுகளில் ஒரு வேடிக்கை தெரியவந்தது. ஒரே ஊர், ஒரே தண்ணீர். ஆனால் இந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம். பெரும்பாலும் சிறு வயதில் குடும்பத்துக்குள் ஒட்டிக்கொள்வது என்கிறார்கள். லயத்து வீட்டில் ஒரே தட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு ஊட்டிய கை எங்களுடையது. அதைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

கிருமி இருக்கும் எல்லாருக்கும் புண் வருவதில்லை. எனக்கு முட்டி வலி மாத்திரையும் சேர்ந்துகொண்டது. இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு பல மடங்காம். கறுப்புக் காப்பியும் காடியும் புண்ணை உண்டாக்கவில்லை; புண் இருந்த இடத்தில் எரிச்சலை ஏற்றின. காலி வயிறும் சேர்ந்துகொள்ள, நான் அதைக் ‘கொழுப்பு கரைகிறது’ என்று கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கிருமிக்கு மாத்திரைகள். வாயெல்லாம் இரும்புத் துண்டைக் கடித்த கசப்பு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை மட்டும் எட்டு வாரம். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் கொடுத்ததுதான் அந்த முதல் தாள். நாலு நிமிடம் பேசியிருப்பார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள், அவரையும் குறை சொல்ல முடியாது.

அந்தத் தாளை நான் கடைப்பிடித்த விதம்தான் அடுத்த கூத்து. வயிறு காலியாக இருக்கக் கூடாதே என்று பத்து மணிக்கு மைலோவும் கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும். நாலு மணிக்கு மறுபடி அதே. படுக்கும் முன்னால் ஒரு தடவை, இராத்திரி வயிறு எரியுமே என்று. ஐந்து பிஸ்கட்டும் ஒரு குவளை மைலோவும் சேர்ந்தால் ஒரு ரொட்டி சானாய்க்குச் சமம், கிட்டத்தட்ட 300 கலோரி என்று அப்போது யார் கண்டது? செப்டம்பரில் எடை 83.5. எச்பிஏ1சி 6.2.

அன்றைக்கு இராத்திரி அம்மா சொன்னார்: “வயிறு எரிஞ்சா மாத்திர போட்டா அடங்கிரும். காலு போனா வராதுடி.” மறுநாள் காலை நான் பசியாறாமல் கிளம்பிவிட்டேன். மீண்டும் கறுப்புக் காப்பி. பதினொரு மணிக்கு அலுவலகக் கழிவறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தாளைப் பின்பற்றினால் கால், மற்றதைப் பின்பற்றினால் வயிறு. அந்த வாரம் முழுக்க ஒரு நாள் இந்தத் தாள், ஒரு நாள் அந்தத் தாள் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பார்த்தேன். இப்படி யாராவது செய்வார்களா என்று கேட்காதீர்கள். பயந்தவர்கள் எல்லாமும் செய்வார்கள்.

சர்க்கரைப் பரிசோதனைக்காகப் போகும் அரசாங்க சுகாதார கிளினிக்கில் உணவியல் நிபுணரைப் பார்க்கச் சொன்னார்கள். பதிவுக்கு ஒரு வெள்ளிதான். தமிழ்ப் பிள்ளை, என் மூத்த மகளை விட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கும். இரண்டு தாளையும் மடித்துக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனாவை எடுத்தாள்.

“ஆண்டி, இந்த டாக்டர் பேப்பர் புண்ணு ஆறுற வரைக்கும் எழுதினது. எட்டு வாரத்துல முடிஞ்சிருச்சி. நீங்க அஞ்சு மாசமா வெச்சிருக்கீங்க.”

“யாரும் சொல்லலயேம்மா.”

“இந்தப் பேப்பர் யாருக்கு எழுதினதுன்னே தெரியல. உங்க வயித்த பார்த்து எழுதல.”

கோச் தாளில் காடி, எலுமிச்சை, வெறும் வயிற்றுக் காப்பி மூன்றையும் அடித்தாள். டாக்டர் தாளில் ‘ஐந்தாறு தடவை’யை அடித்து, ‘மூணு வேளை, நேரத்துக்கு’ என்று எழுதினாள். விரதம் கெட்டது இல்லை, உங்களுக்கு இப்போதைக்குப் பகல் விரதம் வேண்டாம், இராத்திரி விரதம் இருங்கள் என்றாள். இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டால், படுக்கப் பதினொன்று ஆகும். மூன்று மணி நேர இடைவெளி, அமிலம் மேலே ஏறாது. காலை எட்டு மணிக்குப் பசியாறினால் 12 மணி நேர விரதமும் ஆயிற்று. எட்டு மணிக்கு மேல் பிஸ்கட் இல்லை என்பதால் கலோரியும் குறையும். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அந்த இரண்டு தாளும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கக்கூடிய ஒரு மணி நேரம் கடிகாரத்தில் இருந்திருக்கிறது. நான் தேடவே இல்லை.

இன்னொன்றும் சொன்னாள். 60 கிலோவுக்கு வர வேண்டியதில்லையாம். அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சர்க்கரை எல்லையில் இருந்தவர்களுக்கு எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்தார்கள். சர்க்கரை நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. 84இல் 7 விழுக்காடு என்றால் ஆறு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அதை மெதுவாகவே குறைக்கச் சொன்னாள். அவசரமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்து தனியாக இருக்கிறதாம். அந்த ஒரு நோயாவது எனக்கு மிச்சமாகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டுக்கு அவள் சொன்ன கணக்கு, சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செபாரோ’. கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ முட்டையோ தெம்பேயோ, அரைத் தட்டு காய்கறி பழம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நாடகச் சத்தத்தில் முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது.

“சுக்கா? நல்லதுதான். வாயுவுக்குக் கேக்கும்.”

அரைத் தட்டு காய்கறியைப் பச்சையாகத் தின்ன வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய விடுதலை. பச்சைக் காய்கறி எனக்கு வயிற்றை ஊதும். பீர்க்கங்காய், சுரைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் வேகவைத்து, தேங்காய்ப்பால் இல்லாமல். காலையில் இரண்டு இட்டிலி, ஓர் அவித்த முட்டை. மத்தியானத்துக்கு வீட்டிலிருந்து மங்கில் கட்டிக்கொண்டு போகிறேன். வாழையிலைக் கடைப் பக்கம் மாதம் ஒரு முறை. சோறு இரண்டாவது தடவை வாங்குவதில்லை. முட்டி வலிக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். வேலை முடிந்து ஜாலான் துன் சம்பந்தனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சென்ட்ரலுக்குள் நுழைகிறேன். மழை நாளில் அஞ்சடியிலேயே நடக்கலாம்.

கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் அமில மாத்திரையைத் தொடக் கூடாது. நான் பயந்த அளவு எரியவில்லை. பையில் ஊதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இல்லை என்று வந்தது.

ஒரு மாதம் அரை கிலோ, ஒரு மாதம் ஒன்றுமே இல்லை, தீபாவளி மாதம் ஒரு கிலோ ஏற்றம். ஒன்பது மாதத்தில் இப்போது 78.3. எச்பிஏ1சி 5.8. கோச் அக்கா குழுவில் இன்னும் தினமும் காலை வணக்கம் போடுகிறார். நான் வெளியேறவில்லை, சத்தத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதில் போன மாதம் ஒருத்தி ‘நெஞ்சு எரியுது அக்கா’ என்று எழுதியிருந்தாள். தனியாக அழைத்து, முட்டி வலி மாத்திரை ஏதும் போடுகிறாயா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு, நாலு நாளாகப் போகிறது, காப்பியால்தானே என்றாள். அன்றைக்கே அவள் கணவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஐஸ்பெட்டிக் கதவில் இப்போது ஒரே தாள்தான், அந்தப் பிள்ளை பேனாவால் அடித்துத் திருத்தியது. கீழே ஓரத்தில் அவளே எழுதிக் கொடுத்த ஒரு வரி இருக்கிறது: ‘வெள்ளிக்கிழமை: வடை 1.’ வாங்கிக்கொண்டு வருவது இரண்டு. ஒன்று அம்மாவுக்கு.