புலிக்கு மேலே ஒரு பாலம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் புலிக் கதை புதிதல்ல. விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர்கள், காட்டோரம் உறுமல் கேட்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்த கதையை உங்கள் வீட்டுப் பாட்டியும் சொல்லியிருப்பார். என் அம்மாவும் சொன்னார். ஆனால் இந்த 68 வயதில், புலியின் தலைக்கு மேலே பாலத்தில் நடப்பேன் என்று நான் எண்ணியதில்லை.

என் மகள் அமெரிக்காவில், டென்வர் நகரில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, "அப்பா, உங்களுக்கு ஒரு இடம் காட்டணும்" என்று காரில் ஏற்றினாள். ஒரு மணி நேரத்திற்குள் கீன்ஸ்பர்க் என்ற சிற்றூர். கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி. ரப்பர் நிழலிலேயே காலம் கழித்தவனுக்கு, மரமில்லாத வெளி என்னவோ போல் இருந்தது. மேற்கே, தூரத்தில் ராக்கி மலைத்தொடர்.

கைவிடப்பட்ட சிங்கம், புலி, கரடிகளுக்கான சரணாலயம் அது. பாட் கிரேக் என்பவர் 1980-இல், தமது 19-ஆம் வயதில் தொடங்கியது. மிருகக்காட்சி சாலைகளில் 'மிச்சம்' என்று பின்கட்டில் அடைத்திருந்த விலங்குகளைக் கண்டு மனம் பொறுக்காமல், குடும்பப் பண்ணையிலேயே இடம் ஒதுக்கினாராம். இன்று அங்கே நூற்றுக்கணக்கான விலங்குகள்.

நீங்கள் போனால், முதலில் ஏறுவது ஓர் உயரமான நடைபாலம். ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீளம். திரும்பியும் நடக்க வேண்டும். நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள். என் முட்டி இரண்டு நாள் பேசியது! ஏன் இத்தனை உயரம் என்று கேட்டேன். தரையில் நாம் நின்றால், தன் எல்லைக்குள் ஆள் வந்துவிட்டதாகப் புலி நினைத்து வேலியோரமே அலையுமாம். தலைக்கு மேலே இருப்பதை அது பொருட்படுத்துவதில்லையாம்.

அதனாலேயே, கிட்டத்தில் பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். முதல் அரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது ஒரு சிங்கத்தின் முதுகுதான். கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா என்று நினைத்தேன், மறைப்பானேன்? பிறகு ஒரு புலி எழுந்தது, சோம்பல் முறித்தது, எதற்கென்று தெரியாமல் புல்வெளியில் ஓடியது. கூண்டுக்குள் இப்படியும் அப்படியுமாக நடக்கும் புலியைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். புலி ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

சர்க்கஸில் விலங்குகளைப் பயன்படுத்த பொலிவியா நாடு 2009-இல் தடை போட்டது. மீட்கப்பட்ட 25 சிங்கங்கள் 2011-இல் விமானம் ஏறி இங்கே வந்தன. 2017-இல் ஓக்லஹோமா மாநிலத்திலிருந்து 39 புலிகள் வந்தன. இவற்றைக் காட்டிலேயே விட்டுவிடலாமே என்பீர்கள். முடியாது. வேட்டையாடத் தெரியாது, மனிதரைக் கண்டு பயமும் இல்லை, சிலவற்றுக்கு நகத்தையே பிடுங்கியிருக்கிறார்கள்.

குட்டிகளின் கதைதான் என்னை நிறுத்தியது. பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரித்து, ஆட்கள் மடியில் வைத்துப் படம் பிடிக்க விடுவார்களாம். சில மாதங்களில் குட்டி பெரிதாகி, பல்லும் நகமும் ஆபத்தாகிவிடும். அப்புறம் அதற்கு வேலை இல்லை. அடுத்த குட்டி வர வேண்டும். அமெரிக்காவில் இதைத் தடுக்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் கையெழுத்தானது.

மகள் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, நம்ம வீட்டு ஹால்ல இருக்கிற படம்..." என்றாள்.

சொல்லிவிடுகிறேன். 1996-இல், அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது, எல்லை தாண்டிச் சுற்றுலா போனோம். ஓரிடத்தில் காசு கட்டி, புலிக்குட்டியை அவள் மடியில் வைத்துப் படம் எடுத்தேன். குட்டி தூங்கி வழிந்தது. சாதுவான குட்டி என்று மகிழ்ந்தேன். தோட்டத்தில் யார் வீட்டுக்கு வந்தாலும், "பாருங்க, புலியையே மடியில வச்சிருக்கா என் பிள்ளை" என்று காட்டுவேன்.

"அது எங்க போயிருக்கும்பா?" என்றாள். புலி இருபது வயது இருந்தாலே அதிகம். அதைத்தான் சொன்னேன். அவள் கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் நம் நாட்டு நினைப்பு வந்தது. தேசியச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பு சொல்கிறது. அம்மாவை ஓட வைத்த புலியின் வம்சம் எத்தனை மிச்சமோ.

வீடு திரும்பியதும் படத்தைக் கழற்றப் போனேன். மனைவி விடவில்லை. "அது என் பிள்ளை படம்ங்க" என்றாள். அதுவும் சரிதான். இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. வருகிறவர்கள் கேட்டால் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு, குட்டியின் கதையையும் சொல்கிறேன்.