விராலுக்குப் போடும் தவளை

மாத்தளை நகரில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை. கண்டலம, தேவஹுவ குளங்களுக்குத் தூண்டில் போடப் போகும் இளைஞர்கள், ரீல் இறுகிவிட்டால் இங்கேதான் கொண்டுவருகிறார்கள். நான் போனபோது கடைக்கார நானாவின் மேசையில் ஒரு ஸ்பின்னிங் ரீல் பிரித்துக் கிடந்தது.

"என்ன நானா பழுது?"

"பழுது ஒண்டுமில்ல தம்பி. மணலும் காஞ்ச கிறீஸும்தான்."

பழைய பல் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்துப் பல்சக்கரங்களைத் தேய்த்தார். துடைத்துக் காயவிட்டு, பற்களுக்குக் கொஞ்சம் கிறீஸ் பூசினார். பெயாரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி, அவ்வளவுதான். பெயாரிங்கில் கிறீஸை அப்பினால் சுழற்சி மந்தமாகும். பிறகு, நூல் உரசிப் போகும் சின்ன உருளையை நகத்தால் தள்ளிக் காட்டினார். அசையவில்லை. உருளை சுழலாவிட்டால் நூல் ஒரே இடத்தில் தேய்ந்து அதில் கோடு விழும். அந்தக் கோடே நூலை அறுக்கும். நூல் மட்டம் என்று அதை விற்றவரைத் திட்டுபவர்கள் முதலில் இந்த உருளையைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் டிராக் திருகைத் தளர்த்தி வைக்கச் சொன்னார். இறுக்கியபடியே விட்டால் உள்ளிருக்கும் வாஷர்கள் நசுங்கி, பெரிய மீன் இழுக்கும்போது ரீல் நூலைச் சீராக விடாது.

அவரிடம் வரும் இளைஞர் ஒருவரோடு கண்டலமக் குளத்துக்குப் போனேன். 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாதான் இன்று நம் குளங்களின் முக்கிய மீன். தொழில் செய்பவர்கள் அதை வலையில் பிடிக்கிறார்கள். தூண்டிலில் பிடிக்க வளையக்கூடிய கம்பும் மெல்லிய தங்கூசியும் மண்புழுவும் போதும். விரால் அப்படியல்ல. கடித்ததும் கொடிக்குள் பாயும். அதை உடனே வெளியே இழுக்க ஆறரை, ஏழு அடியில் விறைப்பான கம்பும், இழுபடாத பின்னல் நூலும் வேண்டும். விலையைப் பார்த்துக் கம்பு வாங்குவதைவிடக் கரையைப் பார்த்து வாங்குவதே சரி.

இளைஞர் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்துக் கம்பில் நூல் ஓடும் வளையம் ஒவ்வொன்றின் உட்புறத்திலும் தடவினார். ஓரிடத்தில் பஞ்சின் இழை மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத கீறல்! அந்தக் கம்பை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

போட்டது ரப்பர் தவளை. அதன் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டியிருப்பதால் தாமரை இலைமேல் சிக்காமல் வழுக்கி வரும். விரால் கவ்வும்போது தவளையின் உடல் அமுங்கி முட்கள் வெளிப்படும். உள்ளே புகுந்த தண்ணீரைப் பிழிந்து, உலர்த்திய பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் முள் துருப்பிடிக்கும்.

தவளை விராலிடம் பலிக்க இன்னொரு காரணமும் உண்டு. தாயும் தந்தையும் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் மீன் அது. அந்த நேரத்தில் பசியில்லாவிட்டாலும் கிட்டே வருவதைத் தாக்கும். செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாய் மேலே வந்து மூச்செடுக்கும் இடத்தில் போட்டால் மீன் எளிதில் மாட்டும். ஆனால் காவல் போனதும் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அப்படியொரு கூட்டத்தைக் கண்டதும் இளைஞர் நூலைச் சுற்றிக்கொண்டு அடுத்த வளைவுக்கு நடந்தார். குளக்கரைக்குத் தூண்டிலோடு போகும் நீங்களும் குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் தவளையைப் போடாதீர்கள்.