அப்பாவின் வெப்ளி

எங்கள் தந்தையார் 2024ஆம் ஆண்டில் மறைந்தபோது விட்டுச்சென்றவற்றுள் பங்கிட இயலாத பொருள் ஒன்றே ஒன்று: .32 வெப்ளி அண்டு ஸ்காட் ரிவால்வர். இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று மணலியில் ஒரு தொழிற்சாலைக் காவல் பணியில் சேர்ந்தவர் அவர். சம்பளம் ரொக்கமாக வழங்கப்பட்ட காலம். வங்கியிலிருந்து பணம் வரும் வண்டியில் அவரும் வருவார். 1978இல் முறைப்படி உரிமம் பெற்று, பழையதாகத்தான் அதை வாங்கினார். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் துண்டில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து இரசீது வாங்கிவருவார். மணலி புதுநகர் வீட்டில் எங்களுக்கு அது ஆயுதமாகத் தோன்றியதேயில்லை. பீரோவின் மேல்தட்டில் வாழ்ந்த மூத்த உறவினர் போலவே இருந்தது.

உரிமதாரர் இறந்தால் வாரிசுகள் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டுச் சட்டம். அண்ணா சாலைக் கடை ஒன்றில் ஒப்படைத்தோம். அண்ணன் தன் பெயருக்கு உரிமம் கேட்டு அதை வைத்துக்கொள்ள விரும்பினார். தம்பிக்கு இதைக் கொடுத்துவிட்டுப் புதிய இந்தியத் துப்பாக்கி வாங்கும் ஆசை. அக்காளுக்கோ விற்றுவிட்டால் போதும். ஆகவே, துப்பாக்கியைத் தொட்டே பழகாத நாங்கள், எது தரமானது என்று ஒரு மாத காலம் விவாதித்தோம்.

விவாதம் விசித்திரமானது. கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வரே வெப்ளியின் வடிவத்தைப் பின்பற்றியதுதான். குழல் கீழே மடங்கும், ஆறு தோட்டாக்களும் ஒருசேர வெளியே வரும். 2014இல் பெண்களுக்கென்று வந்த ‘நிர்பீக்’ சுமார் அரைக் கிலோ எடை; விலை அன்றைக்கே 1.22 லட்சம் ரூபாய். தற்காப்புக்கு வழியற்ற பெண்கள் எத்தனை பேரால் அதை வாங்க முடியும் என்று அக்காள் கேட்டது நியாயமே. 2023இல் வந்த ‘பிரபல்’ அந்தப் பழைய அமைப்பைக் கைவிட்டது. அதன் உருளை பக்கவாட்டில் திறக்கும்.

உத்தரவாதம் என்று தேடினால் வேடிக்கை இன்னும் கூடியது. அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன், முதலில் வாங்கியவருக்கு ஆயுட்காலப் பழுதுநீக்கம் தருகிறது. ரூகர் எழுத்தில் உத்தரவாதமே தருவதில்லை; பழுதானால் பார்த்துக்கொடுக்கும் நற்பெயர் மட்டும் அதற்குண்டு. எங்கள் வெப்ளிக்கு இருந்ததெல்லாம் குழலில் பதிந்த பர்மிங்காம் சோதனை முத்திரை. வழக்கமான தோட்டாவைவிட வலிமை மிக்கதைச் சுட்டுப் பார்த்து, வெடிக்கவில்லையெனில் முத்திரை குத்துவார்கள். 1813இல் நிறுவப்பட்ட அச்சோதனைச்சாலையின் வாக்குறுதி அந்த ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது.

மதிப்பைத் தீர்மானித்ததோ இவற்றுள் எதுவுமன்று. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி அடைக்கப்பட்டபின், நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த அயல்நாட்டுத் துப்பாக்கிகளே கைமாறிக்கொண்டிருக்கின்றன. புதிய கான்பூர் ரிவால்வரின் விலையைப்போல் இருமடங்குக்கும் மேலான தொகையை எங்கள் கிழட்டு வெப்ளிக்குச் சொன்னார் கடைக்காரர். அண்ணன் அடுத்துக் கேட்டது, “சுடுமா?”

கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்த்தார். சுத்தியலின் முனை முறிந்திருந்தது, உள்ளே துரு. “தண்ணீர் புகுந்திருக்கிறது, சார். பல வருஷமாகவே இது சுட்டிருக்காது.” 2015 டிசம்பரில் கொசஸ்தலையாற்று வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றதும், பீரோவே சாய்ந்ததும் அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தன. அதன்பிறகு ஒவ்வொரு முறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும் துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்த்தார்கள். சுடுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இல்லை போலும். விலை குறையுமோ என்றோம். “கொஞ்சம்தான் குறையும், வாங்குகிறவர் பெயருக்காகத்தானே வாங்குகிறார்” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“அவருக்குத் தெரியாதா என்ன? வெள்ளம் வடிஞ்ச மறுநாளே துடைச்சு எண்ணெய் போட்டுப் பார்த்தார். அப்புறம் தோட்டாவையெல்லாம் தனி டப்பாவுல கட்டி வச்சிட்டார்.”

“அப்புறம் ஏம்மா தேர்தலுக்குத் தேர்தல் அதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சார்?”

“போலீஸ் ஸ்டேஷன்ல அவருக்கு நாற்காலி போடுவாங்கடா.”

இரசீது எங்களிடம் இருக்கிறது. விற்பதா வேண்டாமா என்று யாரும் இன்னும் பேச்செடுக்கவில்லை.