பாஞ்சாலங்குறிச்சி போனால் ஓணானையும் பாருங்க!

கட்டபொம்மனின் கோட்டையை வெள்ளையர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்று எல்லோரும் செல்ஃபி எடுப்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையில். வெளியே கரிசல் வெயிலில், உடைமரத்தடியில் ஓணான் தலையாட்டிக்கொண்டிருக்கும்.

‘கேலி பண்ணுது’ என்று கல்லெறிவது பையன்களின் பழைய பழக்கம். தாகத்தில் தவித்த ராமருக்குச் சிறுநீர் கொடுத்தது என்று ஒரு கதை வேறு! பாவம், ‘இது என் இடம்’ என்று இன்னொரு ஆணுக்கு அது சொல்லும் சேதிதான் அந்தத் தலையாட்டல். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்து சிவப்பது ரத்தம் உறிஞ்சி அல்ல. விஷமும் கிடையாது.

தொண்டையை விசிறியாக விரிக்கும் குட்டி ஓணான்களும் உண்டு. தென் தமிழகத்தில் வாழும் அதில் ஒரு வகைக்கு, 2016-ல் ஆய்வாளர்கள் மருதம், நெய்தல் இரண்டையும் சேர்த்தே பெயர் வைத்தார்கள்.

உங்கள் கொல்லைக்கு வந்தால்? பூச்சிமருந்து அடிக்காதீர்கள், பூச்சிதான் அதன் சாப்பாடு. செடியில் தண்ணீர் தெளித்தால் துளிகளை நக்கிக் குடிக்கும். அசையாமல் உட்கார்ந்தால் மெல்லப் பழகும். மடியில் மட்டும் விட்டுக்கொள்ள வேண்டாம்!