லென்ஸை முந்தின இரவே முடிவு செய்தாக வேண்டும்

இந்தோனேசியாவின் வடக்கு சுலாவெசியில், பித்துங் துறைமுகத்துக்கு எதிரே நீளவாக்கில் கிடக்கிறது லெம்பே தீவு. நடுவில் ஒடுங்கிய நீரிணை. அடியில் எரிமலைக் கருமணல், அறுந்த கயிறு, பாட்டில், துருவேறிய தகரம். அந்தக் குப்பைக்காகத்தான் உலகம் முழுவதிலுமிருந்து படம் எடுப்பவர்கள் வருகிறார்கள். மயிர் அடர்ந்தது போலிருக்கும் தவளைமீன் அங்கே இருக்கிறது. பாம்பாகவும் மீனாகவும் வேஷம் போடும் ஆக்டோபஸ் 1998இல் அகப்பட்டதும் சுலாவெசிக் கடலில்தான்.

சாயங்காலமானால் தங்குமிடத்தின் கேமரா அறை பட்டறையாகிவிடும். நீண்ட மேசைகள், விரித்த துண்டுகள், காற்றடிக்கும் குழாய். அங்கே வேலை செய்யும் இளைஞர் கேமராவின் நீர்புகா உறையான ஹவுசிங்கைத் திறந்து, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைக் கழற்றினார். இரண்டு விரல்களுக்கிடையே அதை மெதுவாக ஓடவிட்டார். ஓரிடத்தில் விரல் நின்றது. விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தால், துண்டிலிருந்து ஒட்டிய ஒரு நூலிழை. கடல் உள்ளே புகுந்து கேமராவைக் கொல்ல அது போதும். இழையை எடுத்தெறிந்துவிட்டு, பளபளப்பு தெரியுமளவுக்கு மட்டும் சிலிக்கோன் கிரீஸ் தடவினார். அதிகம் தடவினால் அதுவே மணலைச் சேர்க்குமாம்.

வழிகாட்டி வந்து, “நாளைக்கு என்ன பார்க்கணும்?” என்றார். எந்த லென்ஸ் என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார். ஹவுசிங்கை மூடிவிட்டால் தண்ணீருக்கடியில் லென்ஸ் மாற்ற வழியில்லை. நான் 105 மி.மீ. மேக்ரோவை எடுத்து வைத்திருந்தேன். தள்ளி நின்றே சட்டத்தை நிரப்பி எடுக்கலாம், கூச்ச சுபாவமுள்ள கோபி மீன்களுக்கு அதுதான் சரி. அவரோ, நீர் கலங்கியிருக்கிறது, 60 போதும் என்றார். 60ஐப் போட்டால் மீனுக்குப் பக்கத்தில் போயாக வேண்டும், இடையில் இருக்கும் தண்ணீர் குறையும். கடலடிப் படக்கலையில் பாதி வித்தை இந்தத் தண்ணீரைக் குறைப்பதுதான். திமிங்கலச் சுறாவுக்கு ஃபிஷ்ஐ லென்ஸ் மாட்டுவதும் இதற்காகவே: ஒட்டிப்போனாலும் முழு உருவமும் சட்டத்துக்குள் அடங்கும். ஆனால் அதற்கு முன்னால் குவிந்த டோம் கண்ணாடி வேண்டும். தட்டைக் கண்ணாடியில் ஒளி விலகிப் பார்வைக்கோணம் சுமார் கால்வாசி சுருங்கிவிடும். மேக்ரோவுக்கு அந்தச் சுருக்கம் லாபம், தட்டையே போதும்.

மறுநாள் இறங்கினோம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சில மீட்டர் ஆழத்திலேயே சிவந்த தவளைமீன் சாம்பல் பழுப்புக் கட்டியாகிவிடுகிறது. நிறத்தை மீட்பது கடலடி ஃப்ளாஷான ஸ்ட்ரோப். அந்த ஒளியும் போய்த் திரும்பும் வழியில் நீருக்குக் கப்பம் கட்டுகிறது. ஒரு மீட்டரைத் தாண்டினால் நிறம் மங்கத் தொடங்கும். கடலடியில் ஃப்ளாஷ் பழகக் காரணமானவர்களில் முக்கியமானவர் எம்ஐடியின் ஹெரால்ட் எட்ஜர்டன். கடலாய்வாளர் கூஸ்தோவின் கலிப்ஸோ கப்பல்காரர்கள் அவரை ‘பாப்பா ஃப்ளாஷ்’ என்றே கூப்பிட்டார்கள்.

என் முதல் படங்களில் பனி கொட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே மிதக்கும் துகள்கள்மேல் ஒளி பட்டால் இப்படித்தான். வழிகாட்டி என் ஸ்ட்ரோப் கைகளைப் பிடித்துப் பக்கவாட்டில் விலக்கினார். கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் தள்ளி, முகங்களையும் லேசாக வெளிப்பக்கம் திருப்பினார். இப்போது ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் மீன்மேல் பட்டது; நடுவில் இருந்த தண்ணீர் இருட்டாகவே நின்றது. துளையை எஃப்22க்குச் சுருக்க, பின்னணி கறுத்தது. என் கணக்கில் முதல் செலவு நல்ல ஸ்ட்ரோப் இரண்டுக்கு, அடுத்தது லென்ஸுக்கு. கேமரா உடல் கடைசியில் வந்தால் போதும். கடைக்காரர்கள் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

வழிகாட்டியிடம் கேமரா இல்லை. டார்ச்சும் மெல்லிய இரும்புக்குச்சியும்தான். விசிறிப் பவளத்தின் மொட்டுகளோடு மொட்டாக ஒட்டியிருந்த, 2 செ.மீ.கூட இல்லாத குட்டைக் கடற்குதிரையை அவர் காட்டிய பிறகும் எனக்குத் தெரியச் சற்று நேரமானது. பரிசு வாங்கும் படத்தின் அடியில் இந்தக் கண்களின் பெயர் வருவதில்லை.

குச்சி மணலில் ஊன்றி நிற்பதற்குத்தான். சில விருந்தாளிகளோ அதைக்கொண்டு மீனைக் குத்தி வாய் திறக்கவை என்கிறார்களாம். மறுத்தால் டிப்ஸ் குறையும். “தொந்தரவு செய்தால் இடத்தைவிட்டே போய்விடும். நாளைக்கு வருபவருக்கு எதைக் காட்டுவேன்?” என்றார் படகில். பிறகு என் கேமராத் திரையை எட்டிப் பார்த்து, மதியத்துக்கு 105ஐ மாட்டச் சொன்னார்: நீர் தெளிகிறதாம், கோபி இருக்கும் இடம் அவருக்குத் தெரியுமாம்.