பத்தாண்டுப் பதிவேடு

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிக்கு மேற்கே வானம் கருக்கும். மலைமுகட்டில் மோதி வரும் மேல்காற்று சாரலைச் சுமந்து வந்து வீதிகளில் தூவும். அங்கிருந்து சிறிது தொலைவில் குற்றாலம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட வருவோர் பல்லாயிரவர். நீராடுதற்கு மட்டுமன்றி, கூடியிருந்து பேசுதற்கும் உரிய இடம் அது. ரசிகமணி டி.கே.சி. தம் இறுதி நாட்களைக் கழித்து, 1954-ஆம் ஆண்டில் மறைந்ததும் அவ்வூரிலேதான். அவரைச் சூழ்ந்திருந்த வட்டத்தொட்டி, ஒருவருடைய சுவையையும் அன்பையும் நடுவாகக் கொண்டு அமைந்த அவை. அத்தகைய பேறு எல்லா மன்றங்களுக்கும் வாய்ப்பதன்று.

ஒரு சாரல் நாளில், கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர் எண்மர் திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் நோக்கிப் புறப்பட்டனர். தம் மன்றத்தின் அவ்வாண்டு வேலைத்திட்டத்தை அருவிக்கரையில் அமர்ந்து வகுப்பது அவர்கள் எண்ணம். ஆலங்குளத்தைக் கடந்ததும் வண்டி சிறிது பழுதுபட்டது. இறங்கி நின்றவர்களின் கண்ணில், தரிசு நிலத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டு மந்தை ஒன்று பட்டது. அவை திருநெல்வேலிச் சீமைக்கே உரிய செவ்வாடுகள். செம்மண்ணில் மேயுங்கால், மண்ணே எழுந்து நடப்பதுபோலத் தோன்றும் நிறம்.

மந்தைக்கு உரியவர் எழுபதை அடுத்த முதியவர். வந்தவர்கள் யாவர் என அறிந்ததும் அவர் முகத்தில் ஒரு சிறு நகை தோன்றி மறைந்தது.

“நான்கு ஆண்டுகளுக்கு முன்னும் உங்களைப் போலவே சிலர் வந்தார்கள், தம்பி. குட்டிகளின் காதில் வில்லை குத்தினார்கள். தொங்கு தராசில் நிறுத்து எழுதிக்கொண்டார்கள். ‘தாத்தா, இந்தக் கிடாயை விற்றுவிடாதீர்கள். இதன் குட்டிகளே நன்றாய்த் தேறுகின்றன. அடுத்த ஆண்டு வந்து கணக்குச் சொல்கிறோம்’ என்றார்கள். நானும் வைத்திருந்தேன். இரண்டு பக்ரீத்துக்கு நல்ல விலை கேட்டார்கள், கொடுக்கவில்லை. வருவோம் என்றவர்கள் வரவில்லை. மூன்றாம் ஆண்டு மகளுக்குச் செலவு வந்தது. மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிவிட்டேன்.”

“அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது, ஐயா?” என்று மாணவர் தலைவர் கேட்டார்.

“அதை நான் அல்லவா உங்களைக் கேட்க வேண்டும்?” என்றார் முதியவர்.

எவரும் விடை கூறவில்லை. முன்பு வந்தவர்களும் அம்மன்றத்தினரே. அவர்கள் படிப்பை முடித்துப் பல ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். எழுதிய ஏடு எந்தப் பெட்டியில் கிடந்து மட்கியதோ! அவர்களைப் பொய்யர் எனல் தகாது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாய்ப் பிறந்து அவ்வாண்டே இறக்கும் மன்றத்தில் அவர்கள் உறுப்பினராய் இருந்தனர், அவ்வளவே.

அன்று மாலை குற்றாலத்தில், விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து பேசினர். செயலாளர் கொணர்ந்திருந்த திட்டத்தில் ஒரு கண்காட்சியும், பேச்சுப் போட்டியும், வெற்றிக் கேடயமும் இருந்தன. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் தாளின் பின்புறத்தில் ஏதோ கணக்கிட்டுக் கொண்டிருந்தாள்.

“செம்மறி சினையாய் இருப்பது ஐந்து மாதம். பிறந்த பெட்டைக்குட்டி தான் ஈனுவதற்கு ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ ஆகிறது. ஒரு தலைமுறை போய் அடுத்தது வர மூன்று நான்கு ஆண்டுகள். நம் படிப்போ ஐந்தரை ஆண்டு. நம்மில் எவரும் ஒன்றிரண்டு தலைமுறைக்கு மேல் பார்க்கப் போவதில்லை” என்றாள் அவள்.

பேச்சு அங்கிருந்து வேறு வழியில் திரும்பியது. ஒரே கிடாய் பல்லாண்டு ஒரே மந்தையில் நின்றால் அது தன் மகள்களையே சேரும், வழித்தோன்றல்கள் நலிவுறும். ஆதலின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்விட்டு ஊர் கிடாய் மாற்ற வேண்டும். எந்தக் குட்டி எந்தக் கிடாய்க்குப் பிறந்தது என்னும் பதிவு இல்லையேல் அம்மாற்றத்தால் பயனில்லை. நல்ல கிடாயைப் போற்றுதற்கும் அப்பதிவே சான்று.

“பத்தாண்டுத் திட்டத்தை நாம் எப்படி நடத்துவது? நான் அடுத்த ஆண்டே போய்விடுவேனே!” என்றார் தலைவர்.

அவர் ஐயம் நியாயமானதே. ஆயினும் அவர்கள் தொழிலிலேயே அதற்கு விடை உண்டு. மாட்டினத்தை வாரிக்கொண்டுபோன வெக்கை நோயை ஒழிக்க நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டில் பெருந்திட்டம் ஒன்று தொடங்கியது. ஊர்தோறும் ஊசி போட்டனர். நோய் தணிந்த பின்னும் எங்கேனும் ஒளிந்திருக்கிறதோ என்று பல்லாண்டு தேடினர். இந்தியா அந்நோயினின்று நீங்கியது என்னும் ஒப்புதல் 2006-ஆம் ஆண்டில் கிடைத்தது. உலகினின்றே அது ஒழிந்தது என 2011-இல் அறிவித்தனர். இருபது வயதில் முதல் ஊசியைப் பிடித்தவர் இந்திய ஒப்புதலைக் கேட்கும்போது எழுபத்திரண்டு வயதினர். இடையில் எத்தனை கைகள் மாறியிருக்கும்! அமெரிக்க நாட்டிலும் கால்நடை அறிவியல் மாணவர்களுக்கு 1919-ஆம் ஆண்டு முதல் நாடளாவிய மன்றம் ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்களும் சில ஆண்டுகளில் கல்லூரியை விட்டு நீங்குபவர்களே. மன்றமோ நூறாண்டைக் கடந்துவிட்டது.

இரவு நெடுநேரம் விளக்கு எரிந்தது. இறுதியாண்டு மாணவர் ஏற்கும் ஒவ்வொரு பொறுப்பிலும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் துணை நிற்பது என முடிவாயிற்று. பதிவேட்டுக்கு இரண்டு படிகள்: ஒன்று கல்லூரியில், மற்றொன்று மந்தைக்கு உரியவரிடம். ஒவ்வோர் ஆடியிலும் புதியவர்களைப் பழையவர்களே நேரில் அழைத்துச் சென்று ஒப்படைக்க வேண்டும். கேடயத்தைக் கைவிட மனமில்லாத செயலாளர் சிறிது வாதாடினார். முடிவில், கேடயத்துக்குக் குறித்த தொகையில் ஒரு நல்ல தராசு வாங்க அவரே இசைந்தார். அருவியில் நீராட அன்று ஒருவருக்கும் நேரமில்லை.

மறுநாட் காலை மீண்டும் அம்முதியவரைத் தேடிச் சென்றனர். விடியலில் ஈன்ற குட்டி ஒன்று தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தனர், இரண்டு கிலோ நூறு கிராம். தாயின் எண், தந்தைக் கிடாயின் அடையாளம், நாள் ஆகியவற்றைத் தலைவர் இரண்டு ஏடுகளிலும் எழுதினார்.

“அடுத்த ஆடிக்கு யார் வருவீர்கள், தம்பி?” என்றார் முதியவர்.

தலைவர் அம்மாணவியைக் காட்டினார்.

“அப்படியானால் அந்தப் பெண்ணும் கையெழுத்துப் போடட்டும்.”

அவள் எழுதிக் கொடுத்த ஏட்டைப் பெரியவர் மஞ்சள் பையில் இட்டு, சாரல் படாதபடி துண்டால் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மந்தை அதற்குள் வெகுதூரம் நகர்ந்துவிட்டது. கோலை உயர்த்திக் குரல் கொடுத்தவாறு அதன்பின் விரைந்தார்.