உக்கடத்தில் ஒரு பனிமலை!

உக்கடத்துல பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதல்ல வரவேற்கறது மீன் வாசம். அடுத்து பெரியகுளத்துக் காத்து. தலைக்கு மேல 2024-ல் திறந்த மேம்பாலம். எல்லாத்தையும் தாண்டினா, நம்ம பழைய புத்தகக் கடைகள். கோவையில இன்ஜினீயரிங் படிச்சுட்டு இங்கே வராதவங்க இருந்தா கை தூக்குங்க பார்க்கலாம்!

எனக்கு வேண்டியது 'கேம் தியரி' புத்தகம். எலெக்டிவ் பேப்பர், பாஸ்!

"எவ்வளவுங்கண்ணா?"

"இருநூறு குடுங்க தம்பி."

"நூறு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டார். நான் நடையைக் கட்டினேன். நாலாவது அடியில, "வாங்க தம்பி, நூத்தம்பது!"

முதல்ல இறங்கி வர்றது யாருங்கறதுதான் ஆட்டமே. இதே ஆட்டம் 6,000 மீட்டர் உயரத்துல நடந்தா? அதுதான் சியாச்சின்.

1949, 1972 ரெண்டு ஒப்பந்தத்துலயும் இந்தியா-பாகிஸ்தான் கோடு 'என்.ஜே. 9842' என்ற புள்ளியோட நின்னுடுச்சு. அதுக்கு மேல பனிதானே, யார் போகப் போறாங்கன்னு நினைச்சாங்க. போனாங்க! 1970-களில் பாகிஸ்தான் அனுமதியோட வெளிநாட்டு மலையேறிகள் அங்கே ஏறினாங்க. பர்மிட் கொடுக்கறவங்களுக்குத்தானே மலை சொந்தம்னு உலகம் நினைக்கும்? பதிலுக்கு 1978-ல் கர்னல் நரேந்திர குமார் தலைமையில் இந்தியக் குழு ஏறியது. 1981-ல் மறுபடியும். 1984 ஏப்ரல் 13-ல் 'ஆபரேஷன் மேக்தூத்'. சால்டோரோ மலைத்தொடரை இந்திய ராணுவம் முந்திப் பிடிச்சது.

இப்ப நோட்டுல நாலு கட்டம் போடுங்க. ரெண்டு பேரும் இறங்கினா, உயிரும் பணமும் மிச்சம். ரெண்டு பேரும் நின்னா, ரெண்டு பேருக்கும் நஷ்டம். மத்த ரெண்டு கட்டம்தான் வில்லங்கம். நான் இறங்கி, நீ ஏறிட்டா? 1999 கார்கில்ல அதுதான் நடந்தது. குளிர்காலத்துக்குக் காலி பண்ணின போஸ்ட்டுகள்ல எதிராளி வந்து உட்கார்ந்தாச்சு. மீட்கறதுக்குள்ள 500-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரைக் கொடுத்தாங்க. அதனால, எதிராளி என்ன செஞ்சாலும் நிக்கறதே சேஃப்னு ரெண்டு பேருமே முடிவு பண்றாங்க. இதுக்குப் பேர் 'பிரிசனர்ஸ் டைலமா'.

2003 நவம்பர்ல போர்நிறுத்தம் வந்தது. பனிக்கு அது தெரியாதே! 2012 ஏப்ரல்ல கயாரியில் பனிச்சரிவு, பாகிஸ்தான் தரப்பில் 140 பேர் பலி. 2016 பிப்ரவரியில் சோனம் போஸ்ட்டில் மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாம் மேலேயே பனி சரிஞ்சு 10 பேர் பலி. அதில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரங்க. அந்த ரெஜிமென்ட்டின் மையம் இருக்கறது நம்ம பக்கத்துல, வெலிங்டன்ல.

சரி, வெளியே வர வழி? கடைக்கார அண்ணன் சொன்னார்: "புரட்டிப் பார்த்தே வாங்குங்க தம்பி. பக்கம் கிழிஞ்சிருந்தா மாத்தித் தர்றேன். அடுத்த செமஸ்டரும் இங்கதானுங்களே வரணும்?"

மறுபடி மறுபடி சந்திக்கறவங்க ஏமாத்த யோசிப்பாங்கன்னு கேம் தியரியும் சொல்லுது. ஆனா, புரட்டிப் பார்க்கற வசதி வேணும். யார் எங்கே நிக்கறாங்கன்னு முதல்ல வரைபடத்துல குறிச்சு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்கறது இந்தியாவோட நிபந்தனை. பாகிஸ்தான் அதுக்கு ஒத்துக்கலை. அங்கேயே நிக்குது ஆட்டம்.

நான் பத்து ஏற, அவர் பத்து இறங்க, 120 ரூபாய்க்குப் புத்தகம் கைக்கு வந்தது. பஸ்ல புரட்டினேன். 'பிரிசனர்ஸ் டைலமா' பக்கத்துல யாரோ ஒரு சீனியர் பென்சில்ல எழுதியிருந்தார்... 'ரெண்டு மார்க்'!